முதலில் கேள்வி, பிறகு கஷாயம்

(மாவட்ட மைய நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் சித்த மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வயிற்றுக்கு வீட்டு வைத்தியம் என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்கு ஓமமும் சுக்கும் பெருங்காயமும் கைவந்த சமாச்சாரம். அதனால் எந்த மூலிகை எதற்கு என்று பட்டியல் வாசிக்க நான் வரவில்லை. பட்டியல்தான் தினமும் காலையில் எல்லோர் கைப்பேசிக்கும் வந்து விழுகிறதே. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. நம் வீடுகளில் மருந்து இன்னும் இருக்கிறது. மருந்து கொடுப்பதற்கு முன்னால் கேட்கிற கேள்விதான் காணாமல் போய்விட்டது.

வயிறு வலிக்கிறது என்று ஒரு பிள்ளை வந்து நின்றால், எங்கள் பக்கத்து ஆச்சிமார்கள் அஞ்சறைப் பெட்டியை உடனே திறந்துவிட மாட்டார்கள். "என்னத்தத் தின்ன? எப்பத் தின்ன? வெளிக்குப் போனியா? எங்க வலிக்கு, கைய வச்சுக் காட்டு." இவ்வளவையும் கேட்டுவிட்டு, பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றில் இடது கையைப் பரப்பி வலது கை விரலால் தட்டிப் பார்ப்பார்கள். நாக்கை நீட்டச் சொல்வார்கள். அப்புறம்தான் ஓமமா, சுக்கா, வெறும் வெந்நீரா, இல்லை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று முடிவு செய்வார்கள். நான் பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்த நோயறியும் முறைக்கும் இதற்கும் பெரிய தூரம் கிடையாது.

திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 95ஆவது. பத்துக் குறளிலும் ஒரு மூலிகையின் பெயர்கூட வராது. முதல் குறள் நோய் ஏன் வருகிறது என்று சொல்கிறது. அடுத்த ஆறும் சாப்பாட்டைப் பற்றியவை: முன்னே உண்டது செரித்ததா, அளவு தெரிந்து உண்டாயா, உடம்புக்கு ஒவ்வாததை விலக்கினாயா என்று கேட்பவை. கடைசி மூன்றில் வைத்தியனும் நோயாளியும் வருகிறார்கள். மருந்து என்று தலைப்பு வைத்துவிட்டுப் பெரும்பகுதியைச் சோற்றுக்குக் கொடுத்த அந்த அறிவைத்தான் நான் இன்றைய பேச்சுக்கு அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன்.

வயிறு சரியில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். அதற்குள்ளே குறைந்தது ஐந்து தனித்தனித் தொல்லைகள் இருக்கின்றன. வயிறு உப்பிக் காற்று அடைத்து நிற்பது பொருமல். சாப்பிட்டது கீழே இறங்காமல் கல்லாக உட்கார்ந்திருப்பது மந்தம். நெஞ்சு எரிந்து புளித்தண்ணீர் எதுக்களித்து வருவது புளித்தேப்பம். அப்புறம் கழிச்சல், மலக்கட்டு. ஒன்றுக்கு உதவுவது இன்னொன்றைக் கெடுக்கும். நெஞ்சு எரிகிறவருக்கு மிளகும் சுக்கும் தட்டிக் கஷாயம் போட்டுக் கொடுத்துவிட்டு, நாட்டு மருந்து கேட்கவில்லை என்று குறைப்படுவதில் நியாயம் இல்லை.

பொருமலில் தொடங்குகிறேன். இதற்கு ஓமத்தை மிஞ்ச ஒன்று நம் சமையலறையில் கிடையாது. ஆனால் பத்து வீட்டில் எட்டு வீடு அதைத் தப்பாகத்தான் காய்ச்சுகிறது. ஓமத்தில் வேலை செய்வது அதன் ஆவி எண்ணெய். அந்த எண்ணெயில் பெரும்பங்கு தைமால் என்ற பொருள். ரகத்தைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு மேல்கூட இருக்கும். ஓமத்தைக் கையில் வைத்துக் கசக்கினால் மூக்கில் சுரீரென்று ஏறுகிறதே, அதுதான். குடல் தசையின் இறுக்கத்தை இது தளர்த்துகிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். இறுக்கம் விட்டால் அடைபட்ட காற்று வழி கண்டு வெளியேறும். இப்படிப்பட்ட எண்ணெயைத் திறந்த பாத்திரத்தில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் வீடு முழுக்க மணக்கும், தம்ளரில் வெறும் பழுப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். நாலில் ஒன்றாக வற்றக் காய்ச்சுவதெல்லாம் வேருக்கும் பட்டைக்கும் சரி. மணமுள்ள விதைக்கு ஊறல்தான் சரி.

அதைச் செய்யும் முறையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளலாம். ஒரு தேக்கரண்டி ஓமத்தை வெறும் வாணலியில் மிதமான சூட்டில் லேசாகப் புரட்டுங்கள். கருக வேண்டாம், மணம் எழும்பியதும் இறக்கிவிடுங்கள். அம்மியிலோ இடிகல்லிலோ ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். ஒரு தம்ளர் தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, தட்டிய ஓமத்தைப் போட்டு உடனே தட்டுப் போட்டு மூடுங்கள். பத்து நிமிடம் கழித்து வடிகட்டி, இளஞ்சூட்டில் மடக்கு மடக்காகக் குடியுங்கள். தட்டைத் திறக்கும்போது அதன் உட்புறம் முத்து முத்தாக நிற்கிற நீரையும் தம்ளருக்குள் வழித்து விடுங்கள், அதிலும் எண்ணெய் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளை போதும். கடையில் வாங்கும் ஓமத் தீநீர் இதே எண்ணெயை வாலையில் வடித்து எடுத்தது. அதை அப்படியே பாட்டிலோடு வாயில் சாய்த்துக்கொள்ளக் கூடாது. சீசாவில் போட்டிருக்கிற அளவுப்படி தண்ணீர் கலந்து குடிக்க வேண்டும்.

பெருங்காயமும் பொருமலுக்குத்தான். தமிழ்ச் சமையல் அதில்லாமல் நகராது, ஆனால் அது நம் மண்ணில் விளைவதில்லை. ஆப்கானிஸ்தான், ஈரான் மலைப்பகுதிகளில் வளரும் செடியின் வேரைக் கீறி எடுக்கிற பால் அது. இந்தியாவிலேயே பயிரிட்டுப் பார்க்கலாம் என்று பாலம்பூரில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் 2020 அக்டோபரில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் கன்று நட்டது. நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பாலின் காரத்தையும் நாற்றத்தையும் தாங்க முடியாது என்பதால் மைதாவோ அரிசி மாவோ பிசினோ சேர்த்துப் பிசைந்திருப்பார்கள். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத வயிறு சிலருக்கு உண்டு. அவர்கள் பொருமலுக்கென்று மோரில் மைதா கலந்த பெருங்காயத்தைப் போட்டுக் குடித்தால் பொருமல் கூடத்தான் செய்யும்.

வந்த காற்றை வெளியேற்றுவதைவிட வராமல் பார்ப்பது சுலபம். கொண்டைக்கடலை, மொச்சை, ராஜ்மாவில் இருக்கும் சில வகைச் சர்க்கரைகளை நம் சிறுகுடலால் செரிக்க முடியாது. அவை பெருங்குடலுக்குப் போய், அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் கையில் சிக்கிப் புளித்துக் காற்றாகின்றன. இரவு முழுக்க ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி ஊறிய தண்ணீரோடு போய்விடும். சத்துப் போய்விடுமே என்று அந்தத் தண்ணீரிலேயே வேகவைக்கிறவர்கள் வயிற்றின் மீது கொஞ்சம் இரக்கம் காட்ட வேண்டும்.

அடுத்தது மந்தம். கல்யாண வீட்டு விருந்துக்கு மறுநாள் வருவது. இதற்குச் சுக்கும் இஞ்சியும். இரைப்பை தன்னிடம் உள்ளதைக் குடலுக்குத் தள்ளும் வேகத்தை இஞ்சி கூட்டுகிறது என்பது மனிதர்களிடமே சோதித்துப் பார்த்த விஷயம். குமட்டலுக்கும் அது கேட்கும். கர்ப்பிணிகளின் மசக்கைக் குமட்டலுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிராம் அளவு வரை சுக்குப் பொடியைக் கொடுத்துப் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன, பலனும் தெரிந்திருக்கிறது. ஒரு கிராம் என்பது ஏறக்குறைய அரை தேக்கரண்டி. அதற்குமேல் போனால் அதுவே நெஞ்சை எரிக்கும். பித்தப்பையில் கல் இருப்பவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருந்தளவில் இஞ்சி சாப்பிடும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சட்னியில் போடுவதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

சுக்கின் தோலைச் சீவித்தான் பொடிக்க வேண்டும், கடுக்காயின் கொட்டையை எடுத்துவிட்டுத்தான் பொடிக்க வேண்டும் என்பது பரம்பரை விதி. இஞ்சிச் சாற்றுக்கும் ஒரு விதி உண்டு. சாறு பிழிந்ததும் குடிக்கக் கூடாது. ஒரு கண்ணாடித் தம்ளரில் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் சுண்ணாம்பு கரைத்ததுபோல் வெள்ளையாக ஒரு வண்டல் படியும். மேலே நிற்கும் தெளிந்த சாற்றை மட்டும் மெதுவாக இறுத்து, தேன் சேர்த்து ஒரு தேக்கரண்டி. அவ்வளவுதான் அளவு.

மந்தத்துக்கு மருந்தைவிடப் பெரிய உதவி அடுத்த வேளையைத் தள்ளிப்போடுவது. பசி வராமல் சாப்பிடாதே என்று ஆச்சி சொன்னது அதைத்தான். அடிக்கடி மந்தம் தட்டுகிறவர்கள் அஷ்ட சூரணம் வைத்துக்கொள்ளலாம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, பெருங்காயம் என்று எட்டுச் சரக்கு. சோற்றில் முதல் கைப்பிடியில் நெய்யோடு பிசைந்து சாப்பிடுவது வழக்கம். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்ததும், பலகாரத்தில் கை வைக்கும் முன்னால் ஒரு சுண்டைக்காய் அளவு லேகியம் உருட்டிக் கொடுக்கிறார்களே, நம் வழக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அது. அன்று வயிறு என்ன பாடு படப்போகிறது என்று தெரிந்து, அதற்கான ஏற்பாட்டைப் பண்டிகையின் பகுதியாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

இனி புளித்தேப்பம். இங்கேதான் நான் உங்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் காரமான சரக்கு எதுவும் வேண்டாம். புதினாவும் வேண்டாம். புதினா எண்ணெய் குடல் தசையைத் தளர்த்தும். குடல் முறுக்கிப் பிடிக்கிறவர்களுக்கு அது நல்லது. ஆனால் உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் ஒரு தசை வளையம் வாய் கட்டி நிற்கிறது. அதுவும் சேர்ந்து தளர்ந்தால் புளிப்பு மேலே ஏறும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள். தலைமாட்டில் கட்டில் காலுக்கு அடியில் அரையடி உயரத்துக்கு மரக்கட்டை வையுங்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். இவை மூலிகைகள் அல்ல, ஆனால் எந்த மூலிகையையும்விட முந்திக்கொண்டு பலன் தருபவை.

எரிச்சலுக்கு நம் மரபு கொடுப்பது குளிர்ச்சியும் வழவழப்பும் உள்ளவை. மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்துக் கொடுப்போம், அதிமதுரமும் கொடுப்போம். அதிமதுரத்தைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். இது நம் ஊர்க் கதை அல்ல, நெதர்லாந்துக் கதை. ஹீரன்வீன் என்ற ஊரில் ரெவர்ஸ் என்று ஒரு மருத்துவர். உள்ளூர் மருந்துக்கடைக்காரர் ஒருவர் கொடுக்கிற அதிமதுரக் கலவையில் வயிற்றுப் புண் ஆறுவதாக நோயாளிகள் சொல்வதைக் கேட்டார். சரி, பார்த்துவிடலாம் என்று தானே கொடுத்துப் பார்த்து, 1946இல் அதை எழுதினார். புண் ஆறியது உண்மை. கூடவே நோயாளிகளில் சிலருக்கு முகமும் காலும் வீங்கின. அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான பொருள் உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்துவைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளி, இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. பிற்பாடு அதே பொருளைத் திருத்தி ஆங்கில மருத்துவத்தில் ஒரு புண் மருந்தே செய்தார்கள். அதற்கும் இதே குறை இருந்தது.

அந்த மருத்துவரிடம் எனக்குப் பிடித்தது, கடைக்காரரின் கலவையை அவர் கேலி பேசித் தள்ளவும் இல்லை, கும்பிட்டு ஏற்றுக்கொள்ளவும் இல்லை. கொடுத்துப் பார்த்தார், நல்லதையும் கெட்டதையும் சேர்த்து எழுதினார். நாட்டு மருந்தில் பக்கவிளைவே கிடையாது என்று மேடைக்கு மேடை சொல்கிற என் துறை நண்பர்களிடம் நான் இதைத்தான் வேண்டுகிறேன். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் அதிமதுரத்தைத் தாங்களாக எடுக்க வேண்டாம். மற்றவர்களும் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

இன்னொன்றையும் ஒரு சித்த மருத்துவனாக நான் சொல்லியே ஆக வேண்டும். வயிற்றுப் புண்ணில் பெரும்பகுதிக்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டுபிடித்து, 2005இல் நோபல் பரிசு வாங்கினார்கள். அடுத்த பெரிய காரணம் மூட்டு வலிக்கு நாமாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரைகள். அந்தக் கிருமி இருந்தால் இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டுத் தீர்த்துவிடலாம். மணத்தக்காளி ஆறுதல் தரும், கிருமியை விரட்டாது. ஆறுதலை மட்டும் வருடக்கணக்கில் தின்றுகொண்டு புண்ணை உள்ளே வளரவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மலக்கட்டுக்கு வருவோம். இதில் நம் திருநெல்வேலிச் சீமைக்கு உலக அளவில் ஒரு பெயர் உண்டு. நிலாவரை என்று நாம் சொல்லும் செடியை உலகம் சென்னா என்று அறியும். இந்தப் பக்கத்து மானாவாரி நிலத்தில் விளைந்து தூத்துக்குடி வழியாகக் கப்பலேறிய இலைக்கு மருந்து நூல்களில் திருநெல்வேலி சென்னா என்றே பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இருக்கிறது. அதன் சத்து இரைப்பையிலும் சிறுகுடலிலும் சும்மாதான் இருக்கும். பெருங்குடலுக்குப் போன பிறகு அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதை உடைத்தால்தான் வேலை தொடங்கும். அதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். இரவு படுக்கப் போகும்போது சாப்பிடச் சொல்வது அதனால்தான். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு தேக்கரண்டி போட்டால் மறுநாள் காலை குடல் முறுக்கெடுத்துத் துடிக்க வேண்டியதுதான்.

நிலாவரை என்றைக்காவது ஒரு நாளைக்கு. தினமும் வேண்டுமானால் இசப்கோல் உமி. இதற்குக் குஜராத்தின் உஞ்சா சந்தை பேர்போனது. ஒரு தேக்கரண்டி உமி, ஒரு பெரிய தம்ளர் நிறையத் தண்ணீர். தண்ணீர் குறைந்தால் உமி தொண்டையிலேயே ஊறி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுகிற வயதானவர்களுக்குக் கொடுக்கவே வேண்டாம். கடுக்காய்ப் பொடி இரவில் கால் தேக்கரண்டி வெந்நீரில் சாப்பிடலாம், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. வயிற்றில் வலி இருக்கும்போது பேதிக்கு எதையும் கொடுக்கவே கூடாது, விளக்கெண்ணெய் உட்பட. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்குகிற வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அந்த நேரத்தில் பேதி கொடுத்தால் குடல்வால் உள்ளே வெடிக்கிற ஆபத்து இருக்கிறது. சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்று கொடுத்த ஒரு கரண்டி எண்ணெய் பிள்ளையை அறுவை அரங்குக்குக் கொண்டுபோய்விடும்.

கழிச்சல். இதில் வீட்டு வைத்தியம் உயிர் காக்கும் வைத்தியமாகவே ஆகிறது. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள் முகாமில், பன்காவ்ன் என்ற ஊரில், காலரா பரவியது. நரம்பில் ஏற்றுகிற திரவம் தீர்ந்துபோனது. திலீப் மஹாலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் பொட்டலம் கட்டி, குழாய் வைத்த டிரம்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே தம்ளரைக் கொடுத்து ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலு பேருக்கும் கீழே இறங்கியது. அவர் 2022இல் காலமானார், மறு ஆண்டு பத்ம விபூஷண் கிடைத்தது. அந்த முகாமில் செவிலியராக வேலை செய்தது அம்மாக்களும் அக்காக்களும்தான் என்பதை இங்கே வந்திருக்கும் தாய்மார்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கழிச்சலில் குடல் எவ்வளவு கெட்டிருந்தாலும் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து நுழைகிற வாசல் ஒன்று திறந்தே இருக்கிறது. அவை இரண்டும் உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். வெறும் தண்ணீர் குடித்தால் அப்படி ஏறாது. கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான் முதல் தேர்வு. அது கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரை தேக்கரண்டி உப்பு. உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள், கூடினால் குழந்தைக்கு ஆபத்து. நம் அரிசிக் கஞ்சியும் இதே வேலையைச் செய்யும். சுமார் 50 கிராம் அரிசி மாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து நன்றாகக் கொதிக்கவைத்து, அதே அரை தேக்கரண்டி உப்பு. மாவு குடலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறி உப்பை இழுத்துக்கொண்டு போகும். குழந்தைகளுக்கு இதோடு துத்தநாக மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கி, சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

மோரில் ஊறிய வெந்தயம், மாதுளம் பழத்தோல் கஷாயம், கடுந்தேநீர் எல்லாம் பெரியவர்களுக்குச் சாதாரணக் கழிச்சலில் கொஞ்சம் துணை செய்யும். இரத்தமோ சீதமோ காய்ச்சலோ சேர்ந்திருந்தால் இவற்றால் கட்டிப்போடப் பார்க்காதீர்கள். அங்கே உள்ளே இருக்கிற கிருமிக்கு மருந்து வேண்டும்.

கைக்குழந்தைகளைப் பற்றிப் பேசாமல் நான் இறங்கக் கூடாது. பிறந்த இரண்டு மூன்று வாரத்தில் குழந்தை சாயங்காலம் ஆனால் வீறிட்டு அழத் தொடங்கும். ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும். மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கிவிடும். எதைக் கொடுத்தாலும், எதையும் கொடுக்காவிட்டாலும் அடங்கும். கடைசியாக எது கொடுத்தோமோ அதற்குப் பேர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் உட்வர்ட் என்ற மருந்தாளர் உருவாக்கிய கிரைப் வாட்டரில் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரையோடு சாராயச் சத்தும் இருந்தது. சாராயச் சத்தை அங்கே 1990களில்தான் எடுத்தார்கள். அத்தனை காலமும் தலைமுறை தலைமுறையாகத் தாய்மார்கள் அதை நம்பிக் கொடுத்தார்கள்.

நம் உரைமருந்தையும் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்போம். அந்த வேரில் இருக்கும் ஆசரோன் என்ற பொருள் எலிகளுக்குக் கட்டி உண்டாக்குவது தெரிந்து, 1968இலேயே அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. சித்த நூல்கள் வசம்பைச் சுட்டுச் சுத்தி செய்யச் சொல்வது சும்மா இல்லை. ஜாதிக்காயைக் கல்லில் இரண்டு இழைப்பு கூட இழைத்துவிட்டால் பச்சைக் குழந்தைக்கு மயக்கம் வரும். பெருங்காயத்தை உள்ளுக்குக் கொடுத்ததால் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரித்த நிகழ்வு மருத்துவ இதழில் பதிவாகி இருக்கிறது. தேன், ஒரு வயது வரை ஒரு சொட்டுகூட ஆகாது, அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் நஞ்சு குழந்தையை முடக்கிவிடும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட, வேண்டாம். அம்மா அங்காயப்பொடி போட்டுச் சாப்பிடட்டும். சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் என்று பிள்ளை பெற்றவளின் வயிற்றுக்காகவே நம்மவர்கள் கோத்த பொடி அது. குழந்தைக்கு அம்மாவின் தோளும் முதுகில் மெல்லத் தட்டுகிற கையும் போதும். அழுகை விட்டுவிட்டு வந்து, நடுவில் குழந்தை துவண்டு, மலத்தில் சிவப்பாகச் சளியும் இரத்தமும் வந்தால் குடல் குடலுக்குள் சொருகியிருக்கலாம். அப்போது உரைகல்லைத் தேடாதீர்கள், வண்டியைத் தேடுங்கள்.

பெரியவர்களுக்கும் அப்படி ஒரு நேரம் உண்டு. வாயுப் பிடிப்பு என்று எலுமிச்சை சோடா, ஓமத் தண்ணீர், ஜெலுசில் எல்லாம் குடித்துவிட்டு, நெஞ்சில் கை வைத்தபடி, சட்டை நனைய வியர்த்து என் வாசலில் வந்து நின்ற கடைக்காரர் ஒருவரை நான் எந்தக் கஷாயமும் கொடுக்காமல் நேரே இதய நோய்ப் பிரிவுக்கு அனுப்பினேன். ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு. இதயத்தின் கீழ்ச் சுவருக்குப் போகிற இரத்தக் குழாய் அடைபடும்போது வலி மேல்வயிற்றில் தெரியலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் குமட்டலும் அசதியுமாக மட்டும் வரலாம். நாற்பது வயதைத் தாண்டியவருக்கு மேல்வயிற்றில் பாரமும் வியர்வையும் மூச்சு வாங்கலும் சேர்ந்து வந்தால் ஓமம் எடுக்க அடுப்படிக்குப் போகிற அந்த ஐந்து நிமிடத்தில் 108ஐ அழைத்துவிடுங்கள். வாயுவாகவே இருந்தாலும் ஒன்றும் நட்டமில்லை.

அதேபோல், காரணமில்லாமல் எடை குறைந்தால், மலம் கரிய நிறத்தில் பிசுபிசுப்பாகப் போனால், விழுங்கும்போது சோறு தொண்டைக்குக் கீழே நின்றால், ஐம்பது வயதுக்குமேல் புதிதாக ஒரு வயிற்றுத் தொல்லை தொடங்கினால், எந்த வீட்டு வைத்தியத்துக்கும் கேட்காமல் இரண்டு வாரம் தாண்டினால், பரிசோதனைக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பதை மட்டும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எங்கே போவது என்று குழம்ப வேண்டாம். அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவும் பொது மருத்துவப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. சாப்பிடுகிற எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் இரண்டு பேரிடமும் காட்டுங்கள்.

சரக்கு வாங்குவது பற்றிக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பொடியாக வாங்காதீர்கள், முழுசாக வாங்குங்கள். பொடியில் எது கலந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, ஆவி எண்ணெயும் சீக்கிரம் பறந்துவிடும். சுக்கை உடைத்துப் பாருங்கள், உள்ளே நார் இருக்கலாம், வண்டு துளைத்த ஓட்டை இருக்கக் கூடாது. ஓமம், சீரகம் வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். நாள், விலை, சரக்கின் பெயர் எழுதாத பொட்டலத்தில் எந்த லேகியத்தையும் வாங்காதீர்கள், எவ்வளவு தெரிந்த கடையாக இருந்தாலும்.

இந்த மேசையில் ஆறு கிண்ணங்கள் வைத்திருக்கிறேன். இரண்டில் ஓமம், ஒன்று இந்த வருடத்துச் சரக்கு, ஒன்று அலமாரியில் மூன்று வருடம் கிடந்தது. இரண்டில் பெருங்காயம், ஒன்று கலப்பில்லாத பால், இன்னொன்று கூட்டுப் பெருங்காயம். மற்ற இரண்டில் நிலாவரை இலையும் அதிமதுர வேரும். ஓமத்தை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து பார்த்து, எது பழசு என்று நீங்களே சொல்லுங்கள். பால் பெருங்காயத்தை மூக்குக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். கேள்வி உள்ளவர்கள் அங்கே வந்தே கேட்கலாம், நூலகம் மூடும் வரை நான் இங்கேதான் இருப்பேன்.